சர்க்கரை, சாம்பல், தகரம்: கிறிஸ்துமஸ் குக்கி வீட்டுக்கு வந்த கதை

இன்றைய கிறிஸ்துமஸ் குக்கியில் மல்லித்தூளை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அச்சேறிய மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று அதைத்தான் கேட்கிறது. 1796ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ‘அமெரிக்கன் குக்கரி’ என்ற சமையல் புத்தகம் வெளிவந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் அது. எழுதியவர் அமேலியா சிம்மன்ஸ். தான் ஓர் அநாதைப் பெண் என்பதைத் தவிரத் தன்னைப் பற்றி முகப்பில் அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தில் ‘கிறிஸ்துமஸ் குக்கி’ என்றே ஒரு பண்டம் இருக்கிறது. 3 பவுண்டு மாவு, அதாவது ஏறக்குறைய 1,360 கிராம். அதில் ஒரு தேநீர்க் கோப்பை மல்லித்தூள். 1 பவுண்டு வெண்ணெயும் ஒன்றரை பவுண்டு சர்க்கரையும் சேர்த்துப் பிசிற வேண்டும். மூன்று தேக்கரண்டி ‘முத்துச் சாம்பலை’ ஒரு கோப்பைப் பாலில் கரைத்து ஊற்றிப் பிசைய வேண்டும். முக்கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, விரும்பிய வடிவில் வெட்டியோ அச்சுப் பதித்தோ, மெல்லிய சூட்டில் 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். சுட்டவுடன் கல்லாக இருக்கும். மண்பானையில் போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் மெத்தென்று ஆகும் என்கிறார் அமேலியா.

நட்சத்திரம், மணி, தேவதூதன், மரம் என்று வெட்டி, வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாக ஐசிங் பூசி, டிசம்பர் முழுக்க அமெரிக்கச் சமையலறைகளில் அடுக்கடுக்காகச் சுட்டெடுக்கும் சுகர் குக்கிக்கு இந்தச் செய்முறை ஒரு பாட்டி. ‘விரும்பிய வடிவில்’ என்று ஒரு பெண் வீட்டுச் சமையலுக்காக எழுத முடிந்ததே பெரிய மாற்றம். ஐரோப்பிய நகரங்களில் பல நூற்றாண்டுகளாக இப்படிப்பட்ட அலங்காரப் பண்டங்கள் தொழில்காரர்களின் கையில்தான் இருந்தன. அங்கிருந்து அவை வீட்டு மேசைக்கும் குழந்தைகளின் கைக்கும் வந்து சேரக் காரணம், மூன்று பொருள்கள் எளிதில் கிடைக்கத் தொடங்கியதுதான். சர்க்கரை, சாம்பல், தகரம்.

நியூரம்பெர்க் தொழில்காரர்கள்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைச் சுற்றிப் பெரிய காடு. காட்டில் தேன். நகரத்தின் வழியே வணிகப் பாதைகள். அவற்றில் கிழக்கிலிருந்து வரும் வாசனைச் சரக்குகள். இவை கூடிய இடத்தில் ‘லேப்கூஹன்’ என்ற தேன் பண்டம் செழித்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைச் சுடுபவர்கள் பற்றிய ஆவணம் நகரத்தில் உண்டு. 1643இல் அவர்கள் தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். சங்கத்தில் சேராதவர் அந்தத் தொழிலில் நுழைய முடியாது.

பேரிமரம் போன்ற இறுகிய மரத்தில் உருவங்களைக் குடைந்து, அந்த அச்சில் மாவை அழுத்தி எடுப்பது இத்தகைய பண்டங்களின் பழைய வழக்கம். மாட்டுத் தொழுவத்தில் குழந்தை இயேசு, குதிரை வீரன், சீமாட்டி, இதயம் என்று அச்சுகள் விதவிதமாக இருந்தன. ஒரு நல்ல அச்சு தலைமுறைகளைத் தாண்டி வரும் சொத்து.

மாவில் சேர்ந்த சரக்குகளில் ஏலமும் மிளகும் மலபார்க் கரையிலிருந்தும், பட்டை இலங்கையிலிருந்தும் போனவை. 1658இல் போர்த்துகீசியர்களை இலங்கைக் கரையிலிருந்து முழுவதுமாக விரட்டிய டச்சுக்காரர்கள் பட்டை வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். நெதர்லாந்தில் டிசம்பர் 5ஆம் தேதி மாலை கொண்டாடும் புனித நிக்கோலஸ் விழாவில், மர அச்சில் எடுத்த ‘ஸ்பெகுலாஸ்’ பிஸ்கட்டின் முதன்மை வாசனை இன்றும் பட்டைதான்.

சர்க்கரைக்குக் கொடுத்த விலை

தேனுக்குப் பதில் சர்க்கரை வந்ததும் பிஸ்கட்டின் நிறமே மாறியது. பழுப்பு நிறத் தேன் மாவில் வண்ணங்கள் எடுபடாது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த வெளிர்நிறக் குக்கி தூரிகைக்குக் காத்திருக்கும் பலகை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தின்ற சர்க்கரையில் பெரும்பகுதி கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்தது. இதை அன்றைக்கே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1791இல் பிரிட்டனில் தொடங்கிய சர்க்கரைப் புறக்கணிப்பில் சுமார் 3 லட்சம் பேர் பங்கேற்றதாக அடிமை ஒழிப்புப் போராளி தாமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அடிமை உழைப்பு தேவைப்படாத மேப்பிள் மரச் சர்க்கரையை ஆதரித்து எழுதினார். அமேலியாவின் ஒன்றரை பவுண்டு சர்க்கரையை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வேறொரு வழியும் அதற்குள் திறந்திருந்தது. 1747இல் பெர்லின் வேதியியலாளர் ஆண்ட்ரியாஸ் மார்க்ராஃப், பீட் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருக்கும் அதே சர்க்கரைதான் என்று நிறுவினார். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் அஹார்ட் 1801இல் சைலீசியாவின் குனெர்ன் என்ற ஊரில் முதல் பீட் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மனியின் சாதாரணக் குடும்பத்துக்கும் சர்க்கரை எட்டியது. கிறிஸ்துமஸ் மரத்தில் பிஸ்கட்டுகளையும் மிட்டாய்களையும் தொங்கவிட்டு, பண்டிகை முடியும் ஜனவரி 6ஆம் தேதியையொட்டிக் குழந்தைகள் அவற்றைப் பறித்துத் தின்பது அங்கே வழக்கம். அந்த மரத்துக்குச் சர்க்கரை மரம் என்றே பெயர்.

வாசனையிலும் ஒரு மாற்றம் வந்தது. இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் 1841ஆம் ஆண்டு, அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட் ஆல்பியஸ், வெனிலாக் கொடியின் பூவில் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். மெக்சிகோவுக்கு வெளியே வெனிலா பெரிய அளவில் விளையத் தொடங்கியது அந்தச் சிறுவனால்தான். மல்லித்தூள் இருந்த இடத்தில் இன்று வெனிலா இருக்கிறது.

அடுப்புச் சாம்பலுக்குக் காப்புரிமை

முத்துச் சாம்பல் என்பது பொட்டாசியம் கார்பனேட். மரச் சாம்பலைப் பீப்பாயில் கொட்டி நீர் ஊற்றி வடிப்பார்கள். அந்த நீரை இரும்புக் கொப்பரையில் சுண்டக் காய்ச்சினால் அடியில் தங்கும் கறுத்த உப்பை மறுபடி சூளையில் சுட வேண்டும். வெளுத்துப்போய்க் கிடைப்பது முத்துச் சாம்பல். மாவிலோ பாலிலோ உள்ள புளிப்போடு சேரும்போது அது கரியமில வாயுவை வெளிவிடும், மாவு உப்பும். ஈஸ்ட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், கை வலிக்க முட்டையை அடிக்க வேண்டாம்.

காடுகளை வெட்டி நிலம் திருத்திய அமெரிக்கர்களுக்குச் சாம்பலுக்கா பஞ்சம்? அது ஏற்றுமதிச் சரக்காகவே இருந்தது. அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே இதற்குத்தான். 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவர் சாம்பல் உப்பு தயாரிக்கும் முறைக்காக அதைப் பெற்றார். கையெழுத்திட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். பிறகு சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் வந்து, முத்துச் சாம்பல் சமையலறையிலிருந்து விடைபெற்றது.

பென்சில்வேனியாவின் தகரக் கொல்லர்கள்

அமெரிக்காவில் எல்லோரும் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிடவில்லை. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, அந்த நாளை விழாவாகக் கழித்தால் 5 ஷில்லிங் அபராதம். அதைக் கொண்டாட்டமாகவே வைத்துக்கொண்டவர்கள், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய லூத்தரன்களும் மொராவியத் திருச்சபையினரும்.

மொராவியரின் ஊர் ஒன்றுக்குப் பெயர் விழுந்ததே 1741ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில். அவர்களின் தலைவர் சின்சென்டார்ஃப் அதற்கு ‘பெத்லகேம்’ என்று பெயரிட்டார். பக்கத்து ஊர் நாசரேத். இதே திருச்சபையினர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, அங்கே ‘சகோதரர் தோட்டம்’ அமைத்து வாழ்ந்தார்கள். கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் தொங்கும் பல முனை நட்சத்திரத்துக்கு மூலமும் இவர்களின் ஜெர்மன் பள்ளி ஒன்றில் 19ஆம் நூற்றாண்டில் செய்த காகித நட்சத்திரமே. வட கரோலினாவில் அவர்கள் நிறுவிய சேலம் நகரில், இஞ்சியும் கிராம்பும் வெல்லப்பாகும் சேர்த்து மிக மெல்லியதாகத் தேய்த்துச் சுடும் கிறிஸ்துமஸ் பிஸ்கட் இன்றும் பேர்பெற்றது.

மர அச்சு குடைய நுணுக்கமான கை வேண்டும். பென்சில்வேனியா ஜெர்மானியர்களுக்குத் தகரக் கொல்லர் உதவினார். விளக்கும் வாளியும் செய்து மிஞ்சிய தகரத் துண்டை வளைத்து, பறவை, குதிரை, இதயம், நட்சத்திரம் என்று கட்டர் செய்து கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து ஆலைத் தகரக் கட்டர்கள் மலிவாக வந்து இறங்கின. கிறிஸ்துமஸ் 1870இல் அரசு விடுமுறையும் ஆயிற்று. அச்சில் மாவை அழுத்தி உருவம் சிதையாமல் எடுப்பதற்குப் பழக்கம் வேண்டும். கட்டரை வைத்து ஓர் அமுக்கு அமுக்க நாலு வயதுக் குழந்தையாலும் முடியும்.

விளிம்பு கலையாமல்

அமேலியாவின் மாவில் வெண்ணெயைவிடச் சர்க்கரை அதிகம்; குக்கி கல்லானதற்கு அது ஒரு காரணம். ஜெர்மன் வீடுகளில் மனப்பாடமாக இருக்கும் கணக்கு வேறு. எடையில் 1 பங்கு சர்க்கரை, 2 பங்கு வெண்ணெய், 3 பங்கு மாவு. 100 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. வாயில் போட்டதும் உதிரும். இன்றைய அமெரிக்க சுகர் குக்கியில் சர்க்கரை கொஞ்சம் கூடும், ஒரு முட்டையும் வெனிலாவும் சேரும்.

வடிவம் கெடாமல் வர வேண்டுமானால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும். அது கூடிப்போனால் நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கும். இரண்டு, வெண்ணெயும் சர்க்கரையும் ஒன்றாகக் கலந்தால் போதும், நுரைக்க அடிக்கக் கூடாது. உள்ளே புகும் காற்று ஓவனில் விரிந்து குக்கியை ஊதவைக்கும். மூன்று, பிசைந்த மாவைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குளிர்ந்த மாவு ஓவனுக்குள் போனால், வெண்ணெய் உருகுவதற்குள் ஓரங்கள் வேகத் தொடங்கிவிடும். சென்னையில், டிசம்பரிலும் 28 டிகிரி இருக்கும் சமையலறையில், வெட்டிய பிறகு தட்டோடு மறுபடி பத்து நிமிடம் குளிரவைப்பது நல்லது.

இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே மாவை வைத்து 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால், மேலே மாவு தூவ வேண்டியதில்லை. 175 டிகிரியில் 8 முதல் 12 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். நடுப்பகுதி அப்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போது இறுகும்.

ஐசிங் பதம்

முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்ந்தது ராயல் ஐசிங். காய்ந்ததும் கெட்டிப்பட்டுவிடும் என்பதால்தான் இந்த அலங்காரம் நிற்கிறது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆகவே பதப்படுத்திய வெள்ளைக்கருவோ, கடையில் கிடைக்கும் மெரிங் பவுடரோ பாதுகாப்பு. பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது. இருந்தால் நுரை எழாது.

இதில் இரண்டு பதங்கள் உண்டு. ஓரக் கோடு போட, குவித்தால் நிற்கும் அளவுக்குக் கெட்டி. உள்ளே நிரப்ப, தோசை மாவுப் பதம். கரண்டியால் எடுத்து விட்ட கோடு 10 முதல் 15 நொடியில் மட்டமாகிவிட வேண்டும். முதலில் கோடு, பிறகு நிரப்பல், குமிழியை உடைக்க ஒரு பல்குச்சி. குக்கி முழுவதும் ஆறாமல் ஐசிங் வைத்தால் வழிந்தோடும். சிவப்பு காயுமுன் பக்கத்தில் வெள்ளையை வைத்தால் நிறம் ஊறிவிடும். முழுதாகக் காய ஓர் இரவு ஆகும். மழைக்கால ஈரக்காற்றில் இன்னும் நேரம் எடுக்கும், மின்விசிறிக்கடியில் வைத்தால் சீக்கிரம் ஆகும்.

குழந்தைகள் கூட இருக்கும் வேலை என்பதால் சில எச்சரிக்கைகள் அவசியம். பிசைந்த மாவை வழித்துத் தின்ன விடக் கூடாது. முட்டை மட்டுமல்ல, வேகாத மாவும் ஆபத்து. அமெரிக்காவில் 2009இல் பச்சைக் குக்கி மாவாலும், 2016இல் கோதுமை மாவாலும் ஈ.கோலி தொற்று பரவியது. பளபளக்கும் வெள்ளி உருண்டைகள் அமெரிக்காவில் அலங்காரத்துக்கு மட்டுமே, உண்ண அல்ல. சிவப்புச் சாயங்களில் ஒன்றான ‘ரெட் 3’க்கு உணவில் அளித்திருந்த அனுமதியை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. பீட்ரூட் பொடியும் மஞ்சளும் அத்தனை பளீரென்று இருக்காது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை விரல் நக்கினால் பயப்பட வேண்டியதில்லை.

ஐசிங் காய்ந்த குக்கி காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். பயணத்துக்கும் அசராது. அதனால்தான் அமெரிக்காவில் டிசம்பரில் ‘குக்கி எக்ஸ்சேஞ்ச்’ என்ற கூடல் நடக்கிறது. எட்டுக் குடும்பங்கள் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரே வகைக் குக்கியை எட்டு டஜன் சுட்டு எடுத்து வரும். திரும்பும்போது எட்டு வகையில் ஒவ்வொரு டஜன் கொண்டுபோகும். கலகலாவும் அச்சு முறுக்கும் தட்டில் வைத்துத் தெருவெங்கும் கொடுத்து அனுப்பும் நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. இந்த டிசம்பரில் அந்தத் தட்டிலேயே நாலு நட்சத்திரக் குக்கிகளுக்கும் இடம் ஒதுக்கலாம்.