தேயிலையில் ஒட்டும் புகை: 50 டன்னில் 1 கிராமைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஹட்டன், நுவரெலியா பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உலர்த்தும் வெப்பம் பெரும்பாலும் விறகிலிருந்தே வருகிறது. உலையின் புகை இரும்புக் குழாய்களுக்குள் சென்று புகைபோக்கி வழியே வெளியேற வேண்டும். அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகும் காற்று மட்டுமே தேயிலையைச் சேர வேண்டும். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலந்துவிடும்.

புகை என்பது நூற்றுக்கணக்கான சேர்வைகளின் கலவை. காய்ந்த தேயிலையோ நுண்துளைகள் நிறைந்த திண்மம். வாயு மூலக்கூறுகள் திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதைப் 'புறத்துறிஞ்சல்' என்கிறோம். தேயிலைக்குப் பக்கத்தில் சவர்க்காரம் வைக்காதே என்று வீட்டில் சொல்வதும் இதனால்தான்.

கலவையிலுள்ள எல்லாம் ஒரே அளவில் ஒட்டுவதில்லை. எளிதில் ஆவியாகுபவை சூட்டில் மீண்டும் கிளம்பிவிடும். விறகுப் புகையிலுள்ள அந்த்ராகுவினோன் அப்படியல்ல. அதன் கொதிநிலை ஏறத்தாழ 380 பாகை செல்சியஸ். ட்ரையரின் சூடோ 100 பாகையைச் சுற்றியே இருக்கும். ஒட்டினால் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும்.

இதைப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும் என்ற 2பி பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் பறவைகளை விரட்ட விதைகளில் பூசப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பூச்சிகொல்லி எச்சங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேயிலைக்கான வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். அதாவது 50 டன் தேயிலையில் 1 கிராம். இது வெந்நீரில் எளிதில் கரையாது என்றாலும், வரம்பு உலர்ந்த தூளுக்கே பொருந்தும். மருந்தே அடிக்காத தோட்டத்தின் தேயிலையும் இதில் சிக்கலாம்.

இவ்வளவு சிறிய அளவை வாயு குரோமட்டோகிராபி காட்டித்தருகிறது. தூளிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுத்த சாற்றை ஆவியாக்கி, ஹீலியத்துடன் மயிரிழை போன்ற நீண்ட குழாய்க்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு சேர்வையும் குழாயின் உட்பூச்சில் வெவ்வேறு நேரம் தங்கித் தங்கி நகர்ந்து, தனித்தனியே வெளிவரும். வெளிவந்த நேரத்தையும், மூலக்கூறு உடையும் விதத்தையும் வைத்து அது எது, எவ்வளவு என்று கண்டறிவார்கள்.

ஏற்றுமதிக்கு முன் ஒரே ஒரு மாதிரியைச் சோதித்தால் அளவு மட்டும்தான் தெரியும். வாட்டிய பின், அரைத்த பின், உலர்த்திய பின் எனத் தனித்தனியே மாதிரி எடுத்தால், ஈரப்பதத்தைக் கழித்துப் பார்க்கும்போது அளவு எங்கே தாவுகிறது என்று தெரியும். உலர்த்திய பின் தாவினால் பழுது ட்ரையர் பக்கம். குழாயை மாற்றுவதும், நன்கு காய்ந்த விறகை எரிப்பதும் திரும்பி வரும் ஒரு கொள்கலனைவிட மலிவு.

நாள் முழுக்கப் பறித்த கொழுந்து, ட்ரையரில் இருக்கும் ஏறக்குறைய 20 நிமிடத்தில் கெட்டுப்போகலாம். அந்த உலையில் பறிப்பவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. ஆனால் சம்பளப் பேச்சு வரும்போது தோட்டத்தின் வருமானம்தான் முதலில் மேசைக்கு வருகிறது.