ஆயி... ஆயி...!

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, ‘தத்தெடுக்கலாம் என்கிறார் என் கணவர். பெற்றெடுக்காத பிள்ளை நம்மிடம் ஒட்டுமா என்று எனக்குத்தான் பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். படித்ததும் இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நாமக்கல். கணவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். 2012ல் கல்யாணம். ஆஸ்பத்திரி, கோயில், வேண்டுதல் எல்லாம் எல்லோரும் அறிந்த கதைதான், அதை விடுங்கள். 2019ல் மத்திய அரசின் ‘காரா’வில் கம்ப்யூட்டர் வழியாகப் பதிவு செய்தோம். ஒரு சமூகப் பணியாளர் அம்மா வீட்டுக்கு வந்து, வருமானம், உடம்பு, மாமியார் மருமகள் உறவு வரைக்கும் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். அதன்பின் காத்திருந்தோம், காத்திருந்தோம், மூன்றரை வருஷம்!

2023ல் ஒரு நாள் கணவரின் போனில் ஒரு போட்டோ வந்தது. இரண்டு வயசுப் பெண் குழந்தை, மொட்டைத் தலை, முறைத்த பார்வை. கூடவே டாக்டர் ரிப்போர்ட். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். குழந்தை இருந்தது மகாராஷ்டிராவில், சோலாப்பூர் பக்கம் ஓர் ஊர்.

மாமியார்தான் பிடிவாதமாக நின்றார். “ஆயி அப்பன் யாருன்னே தெரியாத புள்ளை. பாஷை வேற. என்ன சாதியோ என்ன குலமோ. உங்க இஷ்டம், என்னைய கேக்காதீங்க” என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. மறுநாள் கணவர் தைரியமாக ‘சரி’ கொடுத்துவிட்டார்.

போவதற்கு முன்பே எங்கள் போட்டோக்களை ஆல்பமாக ஒட்டி அனுப்பச் சொன்னார்கள். நான், அவர், வீடு, வாசல் முருங்கை மரம், வேண்டாவெறுப்பாக நின்ற மாமியார், எல்லாம் அனுப்பினோம்.

அங்கே போய் இறங்கினதும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சினிமாவில் வருவதுபோல ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன் போல! குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா (அவர்களை அங்கே ‘மாவ்ஷி’ என்கிறார்கள், நம் ஊர் சித்தி மாதிரி) மராத்தியில் ஏதோ சொல்லி என்னைக் காட்டினார். அது என்னைப் பார்த்தது, நான் கொண்டு போன பொம்மையைப் பார்த்தது, பிறகு திரும்பி மாவ்ஷியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கை நீட்டினால் “நகோ, நகோ!” வேண்டாமாம். அன்று நான் கற்ற முதல் மராத்தி வார்த்தை அது.

லாட்ஜில் தங்கி மூன்று நாள் போய்ப் போய் வந்தோம். மாவ்ஷி எனக்குச் சமையல்கூடச் சொல்லிக் கொடுத்தார். குழைந்த சோறு, துவரம்பருப்பில் மஞ்சள், பெருங்காயம், துளி வெல்லம். ‘வரண் பாத்’ என்று பேர். (நம் ஊரில் வரன் என்றால் மாப்பிள்ளை என்று இவர் சொல்ல, மாவ்ஷிக்கு ஒரே சிரிப்பு.) குழந்தை படுத்த போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். “அதைத் துவைச்சிடாதீங்க, வாசனை போயிடும்” என்று எங்கள் ஊர் சமூகப் பணியாளர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். எவ்வளவு பெரிய உதவி அது!

நாலாம் நாள் எங்களிடம் ஒப்படைத்தார்கள். குழந்தை அழுதது, மாவ்ஷி அழுதார், நான் அழவில்லை. பயம்தான் இருந்தது.

அன்று ராத்திரி லாட்ஜில் ஆரம்பித்தது. பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து “ஆயி... ஆயி...” என்று அழுகிறது. நம் வீட்டுப் பிள்ளை ‘ஆயி’ என்றால் என்ன செய்வோம்? தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். ஒன்றும் இல்லை. கொண்டு வந்து படுக்க வைத்தேன். அரை மணி கழித்து மறுபடி “ஆயி!” மறுபடி ஓட்டம். இப்படி நாலு தடவை. கடைசித் தடவை கையை உதறிக்கொண்டு வீறிட்டு அழுதது. நானும் எரிச்சலில் அதட்டிவிட்டேன். இவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சகோதரிக்கு உண்மையைச் சொல்கிறேன். அந்த ராத்திரி எனக்குப் பாசமே வரவில்லை. யாரோ ஒருத்தர் பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டோமோ, அத்தை சொன்னதுதான் சரியோ என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இதை இவரிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை.

விடிவதற்குள் சோலாப்பூரில் ரயில் ஏறினோம். எதிர் சீட்டில் பதினெட்டு முழச் சேலை கட்டிய மராத்திப் பாட்டி, மந்த்ராலயம் ராகவேந்திரரைப் பார்க்கப் போகிறவர். வண்டியிலும் இதே கதைதான். “ஆயி” என்கும், நான் தூக்கிக்கொண்டு கோடிக்கு ஓடுவேன். மூன்றாம் தடவை எழுந்தபோது பாட்டி என் கையைப் பிடித்து உட்கார வைத்து ஏதோ கேட்டார். இவருக்கு லாரி டிரைவர்களோடு பேசிப் பழகிய அரைகுறை ஹிந்தி உண்டு. பதில் சொன்னார். பாட்டி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “ஆயின்னா அவங்க பாஷையில அம்மாவாம். உன்னையத்தான் கூப்புடுதாம்” என்றார்.

மாவ்ஷியை எல்லாம் அது மாவ்ஷி என்றுதான் கூப்பிட்டது. அந்த ஆல்பத்தில் என் போட்டோவைக் காட்டிக் காட்டி ‘இது ஆயி’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் மாவ்ஷி என்னைக் காட்டிச் சொன்னதும் அதுதான். ராத்திரி முழுக்க அம்மா அம்மா என்று கூப்பிட்ட பிள்ளையை நான் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்!

அப்போதுதான் அழுதேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணா நதிப் பாலம் வந்தது. அடுத்த தடவை அது “ஆயி” என்றபோது நான் எழுந்திருக்கவில்லை. “என்ன கண்ணு?” என்றேன். அந்த அழுக்குப் போர்வையோடு இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. பாட்டி மந்த்ராலயம் ரோடில் இறங்கும்போதும் முழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஒரு மாதம் சொந்தபந்தம் யாரையும் கூப்பிடவில்லை. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே செய்ய வேண்டும் என்பது சமூகப் பணியாளர் சொன்னது. ஊரில் சிலர் கோபித்துக்கொண்டார்கள், கோபிக்கட்டும். அப்புறம் அந்த ஊர் கலெக்டரின் தத்து உத்தரவு வந்தது. 2022 முதல் கோர்ட்டுக்குப் பதில் கலெக்டர்தான் உத்தரவு போடுகிறார். இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்தார்கள். தெரிந்தவர் மூலமாகச் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு ஆட்கள் வருவார்கள் சகோதரி, எங்களிடமும் வந்தார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது சட்டப்படி குற்றம்.

மாமியாரைச் சொல்ல மறந்துவிட்டேனே. நாங்கள் வந்து இறங்கின அன்று அவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் பையை இறக்க உள்ளே போய்விட்டேன். குழந்தை வாசலில் நின்று “ஆயி!” என்று கத்தியது. நான் வந்து விளக்கம் சொல்வதற்குள் அத்தை குரல் கேட்டது.

“ஏம் புள்ள, காது கேக்குலியா? ஆயின்னு உன்னையத்தான கூப்புடுது. வந்து எடேன்!”

இப்போது அவளுக்கு நாலரை வயசு. ஸ்கூலுக்குப் போகிறாள், மராத்தி சுத்தமாக மறந்துவிட்டது, எல்லாரையும்போல அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். காய்ச்சல் வந்தால் மட்டும் ராத்திரி “ஆயி” என்கிறாள். அத்தைதான் முதலில் எழுந்து வந்து விளக்கைப் போடுகிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்.