தவறு பாடத்திலா, திரையிலா?

கணினிவழித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் நம் கைக்கு வருகிறது. குறைந்த மதிப்பெண் பெற்றவரை ‘மெல்லக் கற்பவர்’ எனக் குறிக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்குப் பாடம் புரியவில்லையா, விடையளிக்கும் வழி புரியவில்லையா? இதைப் பிரித்தறியக் கற்பித்தல் வடிவமைப்பு, ஊடாட்ட வடிவமைப்பு என்னும் இரு கருத்துகள் உதவும்.

கற்பித்தல் வடிவமைப்பு நமக்குப் புதிதன்று. பி.எட். பயிற்சியில் பாடத்திட்டம் எழுதியபோதே பழகியதுதான். கற்றல் விளைவை முடிவு செய்கிறோம், முன்னறிவைச் சோதிக்கிறோம், செயல்பாடு, பயிற்சி, மதிப்பீடு என வரிசைப்படுத்துகிறோம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் காக்னே, கவனத்தை ஈர்ப்பதில் தொடங்கும் 9 கற்பித்தல் படிநிலைகளை வகுத்தார்.

ஊடாட்ட வடிவமைப்பு என்பது ஒரு பொருளுக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையே நடப்பதைத் திட்டமிடுவது. எங்கே தொடுவது, தொட்டால் என்ன நிகழும், தவறினால் எப்படித் திரும்புவது என்பவை இதில் அடங்கும். தள்ளுவதா இழுப்பதா எனத் தடுமாற வைக்கும் கதவுகளைப் பற்றி, 1988இல் வெளியான தம் நூலில் டொனால்ட் நார்மன் எழுதினார். குறை கதவின் அமைப்பில் இருக்க, மனிதர்கள் தம்மையே நொந்துகொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. மாணவர்களும் அப்படித்தான்.

என் ஆறாம் வகுப்பில் பின்னங்கள் பாடத்தின்போது இரு வகைக் குறைகளையும் கண்டேன். ஒரு செயலியில் விடையைத் தட்டச்சு செய்தபின், திரையைக் கீழே நகர்த்தினால்தான் ‘சமர்ப்பி’ பொத்தான் தெரியும். மாணவி ஒருவர் விடையை எழுதிவிட்டுக் காத்திருந்தார். நேரம் முடிந்தது, பூச்சியம் பதிவானது. அதே கணக்கைக் கரும்பலகையில் சரியாகச் செய்தார். அவருக்கு மீண்டும் பின்னம் நடத்துவதால் பயனில்லை.

வேறொரு விளையாட்டில் வண்ணம், இசை, கைத்தட்டல் எல்லாம் இருந்தன. பச்சை நிறம் வரும்வரை ஒவ்வொரு விடையாகத் தொட்டாலும் முழு மதிப்பெண் கிடைக்கும். அனைவரும் வென்றார்கள். பிறகு 1/3, 1/4 இவற்றில் எது பெரியது என நோட்டில் எழுதச் சொன்னபோது, 3ஐவிட 4 பெரிது என்பதால் 1/4 எனப் பலர் எழுதினர். பயன்படுத்த எளிதான அந்த விளையாட்டில் கற்பித்தல் இல்லை. காகிதத்தை மடித்துக் காட்டி மீண்டும் கற்பித்தோம்.

எனவே, ஐயம் எழும்போது அதே வினாவை வேறு வழியில் கேட்டுப் பார்க்கிறேன்.

• திரையில் தவறு, வாய்மொழியில் சரி: விடையளிக்கும் முறையில் பயிற்சி தர வேண்டும்.
• இரண்டிலும் தவறு: பாடத்தை வேறு செயல்பாட்டின் மூலம் நடத்த வேண்டும்.
• திரையில் சரி, நோட்டில் தவறு: அந்தச் செயலியின் மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது.

அச்சிட்ட பயிற்சித்தாளுக்கும் இது பொருந்தும். ‘பொருத்துக’ என்பதில் கோடு போடுவதா, எண் எழுதுவதா என்று தெரியாமல் விடுபடும் விடைகள் உண்டு. மதிப்பெண் இல்லாத மாதிரி வினா ஒன்றை முதலில் வகுப்போடு சேர்ந்து செய்தால் இக்குழப்பம் பெரும்பாலும் நீங்கும். 5 நிமிடங்கள் போதும். அதன்பின் வரும் மதிப்பெண்ணை நம்பிக் குறைதீர் கற்பித்தலைத் திட்டமிடலாம்.