பதினேழு வயதும் நாற்பத்தைந்து வயதும்



இரவு உணவு முடிந்தபின் உங்கள் மகள் கைப்பேசியுடன் ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறாள். எட்டிப் பார்க்கிறீர்கள். பெரிய கண்களையுடைய ஜப்பானியச் சித்திர உருவங்கள் ஏதோ பேசிக்கொண்டிருக்கின்றன. "கார்ட்டூன்தானே" என்று நிம்மதியாக நகர்ந்துவிடுகிறீர்கள். ஆனால் அனிமே என்று அழைக்கப்படும் இப்படங்களில் பல, சிறு பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. வாலிபப் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் உரிய கதைகள் அவற்றில் ஏராளம். அவற்றுள் ஒன்றைப்பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

அதன் பெயர் "கொய் வா அமேஅகரி நோ யோ நி". மழை விட்ட வேளையைப் போன்றது காதல் என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் "ஆஃப்டர் த ரெய்ன்" என்று அறியப்படுகிறது. ஜுன் மாயுசுகி என்பவர் 2014 முதல் 2018 வரை மாங்கா எனப்படும் சித்திரக்கதையாக இதை எழுதி வரைந்தார். அது ஷோகாகுகான் மாங்கா விருதையும் பெற்றது. அயுமு வதனபேயின் இயக்கத்தில் விட் ஸ்டூடியோ அதனைப் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட தொடராக்க, 2018 ஜனவரி முதல் மார்ச் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதே ஆண்டில் நடிகர்கள் நடித்த திரைப்படமும் வெளிவந்தது.

கதை இதுதான். அகிரா தச்சிபானா பதினேழு வயது உயர்நிலைப்பள்ளி மாணவி. பள்ளியின் ஓட்டப்பந்தய அணியில் சிறந்து விளங்கியவள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுந்து, ஓட்டம் நின்றுபோகிறது. தோழிகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தனித்துப்போகிறாள். மழை பெய்த ஒருநாள், மனம் சோர்ந்து ஓர் உணவகத்தில் அமர்ந்திருக்கும்போது, அதன் மேலாளர் பணம் வாங்காமல் ஒரு கோப்பை காபி கொண்டுவந்து வைக்கிறார். கைவித்தை ஒன்று காட்டிச் சிரிக்கவும் வைக்கப் பார்க்கிறார். அந்தச் சிறு தயவு அவள் இருதயத்தில் தங்கிவிடுகிறது. அதே உணவகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்து, அவரை நேசிக்கத் தொடங்குகிறாள்.

அந்த மேலாளர் மசாமி கொண்டோ. வயது நாற்பத்தைந்து. மணமுறிவு அடைந்தவர், ஒரு சிறுமகனுக்குத் தகப்பன். எழுத்தாளராக வேண்டுமென்ற வாலிபகால ஆசையை மனதுக்குள் புதைத்துவிட்டு, வாடிக்கையாளர்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டே நாட்களைக் கழிப்பவர். இருவருக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்!

வாசிக்கும்போதே உங்கள் முகம் சுளிக்கும். அது நியாயமே. ஆயினும் தொடரின் உள்ளே நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள்.

அகிரா தன் மனதை வெளிப்படுத்தும்போது கொண்டோ மகிழ்ந்து துள்ளவில்லை, திகைக்கிறார். தன்னிடம் இவள் எதைக் கண்டாள் என்று குழம்புகிறார். ஆனாலும் அவர் தவறாதவர் அல்லர். அவள் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒருமுறை திரைப்படத்துக்குச் செல்கிறார். புயலும் மழையுமான ஓர் இரவில் அவள் தேடிவந்தபோது அவளை அணைத்துக்கொள்கிறார். பின்பு அதை நட்பின் அணைப்பு என்று விளக்கப் பார்க்கிறார். பார்ப்பவர் மனம் இங்கே உறுத்த வேண்டும். அந்தக் கதவு திறந்திருக்கவே கூடாது. மெல்லிய இசையும் அழகிய மழைக்காட்சிகளும் அந்த உறுத்தலை மழுங்கச் செய்கின்றன என்பதே இத்தொடரின் மீது நாம் வைக்கும் குறை.

அதே உணவகத்தில் காசே என்னும் கல்லூரி மாணவனும் வேலை செய்கிறான். அகிராவின் இரகசியத்தை அறிந்துகொண்டு, அதை வெளியே சொல்லாதிருக்க வேண்டுமானால் தன்னோடு வெளியே வரவேண்டும் என்கிறான். வயதில் அவன் அவளுக்கு அருகில் இருப்பவன். ஆனால் இரகசியத்தைப் பிடித்துக்கொண்டு விலைகேட்கிற அவனே அங்கே ஆபத்தானவன். வயது வித்தியாசத்தை மட்டும் பார்க்கிற பெற்றோர் இவனைக் கவனிக்கத் தவறிவிடக்கூடும். "யாரிடமும் சொல்லாதே", "சொல்லாதிருக்க நீ இதைச் செய்" என்ற வார்த்தைகள் எவர் வாயிலிருந்து வந்தாலும் அபாய அறிவிப்பே என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

தொடரின் முடிவில் கொண்டோவும் அகிராவும் இணைவதில்லை. அவள் மறுபடியும் ஓட்டத்தை நோக்கித் திரும்புகிறாள். அவர் மறுபடியும் பேனாவை எடுக்கிறார். அவள் தேடியது நாற்பத்தைந்து வயது ஆண்மகனை அன்று. இழந்துபோன ஓட்டத்தை, அந்த இழப்பைக் கண்டு பரிவுகாட்ட ஒருவரை. காயத்தின் வலியைக் காதல் என்று எண்ணிக்கொண்டாள். அதை அவள் தானாக உணர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. உணர்ந்து, எல்லையைக் காத்து, அவளை அவளுடைய வழிக்கே திருப்பியனுப்புவது பெரியவரின் கடமை. அக்கடமையில் பங்குகேட்டுப் பிள்ளையின் தோளில் பாரத்தை வைக்கலாகாது.

சட்டமும் இதையே சொல்கிறது. ஜப்பானின் தேசியத் தண்டனைச் சட்டத்தில் பாலுறவுக்குச் சம்மதம் அளிக்கும் வயது நெடுங்காலம் 13 ஆகவே இருந்தது. 18 வயதுக்குட்பட்டோரைக் காக்கும் விதிகள் மாகாணங்களில் தனியே இருந்தன. 2023-இல் தேசியச் சட்டத்திலேயே அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. நம் நாட்டில் 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. "அவளே விரும்பினாள்" என்பது அச்சட்டத்தின் முன் சாக்காக நிற்காது.

அன்பான தாய்மாரே, தகப்பன்மாரே, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, அதிகாலையில் புறப்பட்டு இரவில் திரும்புகிறவர்கள் நாம். தாத்தா பாட்டியும் அத்தை மாமாவும் ஊரில் இருக்க, நகரத்துப் பிள்ளைகளின் மனதைக் கேட்க வீட்டில் பலவேளை ஆளில்லை. அப்போது ஒரு டியூஷன் ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, சபையில் மூத்த ஒருவரோ இரண்டு கனிவான வார்த்தை பேசினால் பிள்ளையின் மனம் அங்கே சாய்வது இயல்பு. சாய்ந்த மனதைக் குற்றவாளியாக்காதீர்கள். அடித்தால், இனி அவள் உங்களிடம் எதையும் சொல்லமாட்டாள்.

கைப்பேசியைப் பறிப்பதற்கு முன் அருகில் அமர்ந்து, "இந்தக் கதையில் யார் செய்தது சரி? அந்தப் பெரியவர் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அண்மையில் அவள் எதை இழந்தாள், எந்தத் தோழியைப் பிரிந்தாள், எந்தத் தேர்வில் தோற்றாள் என்று விசாரியுங்கள். எவரேனும் எல்லை மீறியதாக அறிந்தால், அவர் எவ்வளவு மதிப்புக்குரியவராயினும் மூடிமறைக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ காவல்துறையையோ அழையுங்கள்.

அகிராவுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு கோப்பை காபியும், அவள் வலியைக் கேட்க ஒருவரும் மட்டுமே. உங்கள் மகளுக்கு அவை முதலில் உங்கள் வீட்டு அடுக்களையிலேயே கிடைக்கட்டும்.