வேலையை விடுவதற்கு முன் ஒரு கணக்கு

சிங்கப்பூரில் வடிவமைப்புத் துறையில் பணிபுரியும் மலேசிய இளையர் பலருக்கு முதுகலைப் பட்டம் ஒரு கனவு. ஆனால், வேலையை விட்டால் வேலை அனுமதியும் போய்விடும். வீட்டுக்கு அனுப்பும் பணமும் நின்றுவிடும். ஆகவே, எங்கே படிப்பது என்பதற்கு முன், எதற்காகப் படிப்பது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விரிவுரையாளராக விரும்புவோருக்குப் பட்டம் அவசியம். நிறுவனத்தில் பதவி உயர்வு மட்டுமே நோக்கமென்றால், செய்து காட்டிய வேலைகளே அதிகம் பேசும்.

அடுத்தது காலம். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டு. மும்பை ஐஐடியில் 2 ஆண்டுகள். அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிலையத்தில் இரண்டரை ஆண்டுகள். கட்டணத்தோடு அத்தனை மாதச் சம்பள இழப்பையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். கட்டணம் குறைந்த படிப்பு, மொத்தக் கணக்கில் கூடுதலாகவும் முடியலாம். வேலையோடு பகுதிநேரமாகப் படிப்பவருக்குச் சம்பளம் தொடரும்; ஓய்வு நேரம்தான் போகும்.

விண்ணப்பத்துடன் படைப்புத் தொகுப்பும் கேட்பார்கள். அலுவலகத்தில் செய்த வடிவங்களின் உரிமை பெரும்பாலும் முதலாளியுடையது. அவற்றைச் சேர்க்குமுன் எழுத்துமூல அனுமதி பெறுங்கள். தாயகம் திரும்பிப் பணியாற்ற எண்ணுவோர், அந்தப் பட்டத்துக்கு மலேசியாவில் அங்கீகாரம் உண்டா என்பதை, முன்பணம் கட்டுமுன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.