பலாலிக்கு வந்த தீவு விமானம்

தெல்லிப்பழைப் பிரதேசத்துக்குள் இருக்கும் பலாலி ஓடுபாதை, இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோனின் முதல் பயணிகள் விமானமான ‘சீதாதேவி’ இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே தரித்துத்தான் சென்னைக்குப் போனது. டக்கோட்டா ரக விமானம் அது.

உள்நாட்டுப் போரால் அறுந்த அந்தச் சென்னைத் தொடர்பை 2019 நவம்பரில் மீட்டது இந்தியாவின் அலையன்ஸ் ஏர். கொச்சியிலிருந்து இலட்சத்தீவின் அகத்திக்குப் பறப்பதும் இதே நிறுவனம்தான். அகத்தியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீற்றர், இருபுறமும் கடல். பெரிய ஜெட் அங்கே இறங்க இயலாது. சுமார் எழுபது பேர் அமரும் ஏ.டி.ஆர். 72 இறங்கும். இறக்கைகள் உடலுக்கு மேலே, ஆறு இதழ்ச் சுழலி இரு பக்கமும், ஏறும் வாசல் வால் பக்கம். குறைந்த தூரத்தில் எழும்பும், எரிபொருளும் குறைவு. பலாலிக்கும் இதுவே தோதானது.

கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் வந்தது.

நல்ல செய்திதான். ஆனால் விமான நிலையத்தை விரிவாக்கும்போது, 1990இல் இங்கிருந்து போரால் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளை அதிகாரிகள் மறந்துவிடக்கூடாது.