வேலைக்குப் போகும் தாயும் பிள்ளைக்குப் பாலும்

காணியை விட்டு வந்து வத்தேகமப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் தாய், பால்மா வாங்கத் தேவையில்லை. 6 மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டாம். பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போகலாம்.

கையே முதற் கருவி. சவர்க்காரமிட்டுக் கை கழுவி, பெருவிரலைக் கருவட்டத்துக்கு மேலும் சுட்டுவிரலைக் கீழும் வைத்து, நெஞ்சுப்பக்கமாக அழுத்திப் பின் விரல்களைச் சேர்த்து அமுக்குங்கள். தோலைத் தேய்க்கக்கூடாது.

பம்பி வாங்குவதானால் றப்பர் உருண்டை வைத்ததைத் தவிருங்கள். அதன் உட்புறத்தைக் கழுவ முடியாது, கிருமி தங்கும். பாகங்களைக் கழற்றிக் கழுவக்கூடிய கைப்பம்பி நல்லது, மின்சாரமும் வேண்டாம். முலைக்காம்பு உரசி நொந்தால் புனலின் அளவு பொருந்தவில்லை. ஒருவர் பாவித்ததை இன்னொருவர் இரவல் வாங்கக்கூடாது.

மூடிய சுத்தமான பாத்திரத்தில், நிழலான குளிர்ந்த இடத்தில் பாலை 4 மணித்தியாலம் வைக்கலாம்; குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள். அதற்குமேல் வேலை நீண்டால், இடைவேளையில் வந்து பாலூட்ட வழி தேடுவோம். பாலைக் காய்ச்சாமல், பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, சிறு கோப்பையால் பருக்குங்கள். போத்தலைக் கழுவுவது கடினம். பிள்ளை குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

மார்பு கட்டி நொந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவமாதுவிடம் உடனே காட்டுவோம். பாலூட்டலை நிறுத்த வேண்டாம்.